எலியட்ஸ் பீச்சின் எலியட்: ஒரு ‘எல்’லா, இரண்டு ‘எல்’லா?

கேள்வி: அடையாறுவாசி

அனைவருக்கும் வணக்கம். காலஞ்சென்ற என் தந்தையாரின் தகரப் பெட்டியை அண்மையில் ஒழுங்குபடுத்தியபோது, இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை எனப்படும் தெருவில் அவர் குடியிருந்த காலத்து இன்லண்ட் கடிதங்கள் சில கிடைத்தன. அன்று அந்தச் சாலையின் பெயர் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. மூன்று கடிதங்களில் அப்பெயர் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது: ஒன்றில் ஒரு ‘எல்’, இரண்டு ‘டி’, மற்றொன்றில் இரண்டு ‘எல்’, ஒரு ‘டி’, பெரியப்பா எழுதியதில் இரண்டுமே இரட்டை. தபால்காரர் மூன்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார் என்பது வேறு விஷயம். பெசன்ட் நகர் கடற்கரையிலும் ஒரு கடைப் பலகைக்கும் அடுத்த கடைப் பலகைக்கும் இதே வேறுபாடு உண்டு. தமிழில் ‘எலியட்’ என்று எழுதிவிடுவதால் இந்தச் சிக்கல் நம் கண்ணில் படுவதே இல்லை.

இவற்றுள் எது சரி? ஸ்மித், டெய்லர் போல இது தொழிலால் வந்த பெயரா, ஊரால் வந்ததா? இப்பெயருடைய அனைவரும் நம் ஊரில் சொல்வதுபோல் பங்காளிகள்தானா? விவரம் அறிந்தோர் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

பதில்: மயிலை ஆசிரியை

ஐயா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பங்காளிகள் அல்லர். இப்பெயருக்குக் குறைந்தது இரண்டு வேர்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை.

இங்கிலாந்தின் தென்பகுதியில் இது பெரும்பாலும் எலியாஸ் என்ற விவிலியப் பெயரிலிருந்து வந்தது. எலியா தீர்க்கதரிசியின் பெயர்தான் அது. பிரெஞ்சு வழியாக ‘எலி’ என்று வந்து, செல்லமாகக் குறுக்கி அழைக்கும் ‘ஒட்’ என்னும் விகுதியோடு சேர்ந்து ‘எலியட்’ ஆயிற்று. மீனாட்சி நம் வீடுகளில் மீனு ஆவதுபோலத்தான். தந்தையின் பெயரை மகனுக்கு அடையாளமாகச் சேர்த்து அழைத்த வழக்கம் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தலைமுறைதோறும் மாறாத குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. நம்முடைய இனிஷியல் இன்னும் உறையாமல் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருப்பதோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். (பாரி முனையின் பாரியும் அப்படி உறைந்த பெயர்தான், வேல்ஸ் மொழியில் ‘ஆப் ஹாரி’, அதாவது ஹாரியின் மகன், ‘பாரி’ எனத் திரிந்தது. கடையெழு வள்ளல்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்ல வேண்டியிருந்தது.)

இரண்டாவது வேர் ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையைச் சேர்ந்தது. அங்குள்ள பழைய ஆவணங்களில் எலியட் என்ற வடிவமே இல்லை. எல்வால்ட், எல்வுட், எல்லட் என்றெல்லாம்தான் காணப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஏல்ஃப்’ என்பது யட்சர் போன்ற சிறுதெய்வத்தையும், ‘வெயால்ட்’ என்பது ஆட்சியையும் குறிக்கும். அவை இணைந்த ஆட்பெயரே எல்வால்ட் எனக் கருதப்படுகிறது. நடுவிலுள்ள ‘இ’ ஒலி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆகவே தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த இரு பெயர்கள் ஒரே ஒலியில் போய்ச் சேர்ந்தன. தொழிலும் இல்லை, ஊரும் இல்லை, இரண்டும் ஆட்பெயர்களே.

பதில்: வெட்சிப்பூ

ஆசிரியை அவர்கள் குறிப்பிட்ட அந்த எல்லைக் குடியினரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். லிட்டிஸ்டேல் என்னும் பள்ளத்தாக்கில் வாழ்ந்த எலியட்டுகள், ஆம்ஸ்ட்ராங், நிக்ஸன் முதலிய குடும்பங்களைப் போலவே, எல்லை தாண்டிச் சென்று மாடு கவர்வதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்கள். புறப்பொருள் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது: இரவில் ஆநிரை கவர்ந்தால் வெட்சி, இழந்தவர் துரத்திச் சென்று மீட்டால் கரந்தை. அங்கே அந்தக் கரந்தைக்குச் சட்டமே இருந்தது. மாட்டை இழந்தவர் ஆறு நாள்களுக்குள் எல்லை கடந்து துரத்திச் செல்லலாம்; அவ்வழியில் எதிர்ப்படுவோர் அவருக்குத் துணை நிற்க வேண்டும். கொள்ளையடிக்காமல் இருப்பதற்காக இக்கூட்டத்தார் வசூலித்த கப்பமே ‘பிளாக்மெயில்’ எனப்பட்டது. ‘மெயில்’ என்றால் அவ்வட்டார வழக்கில் வாடகை அல்லது வரி.

1566இல் ஜாக் எலியட் என்பவன், தன்னைப் பிடிக்க வந்த போத்வெல் பிரபுவையே வெட்டிக் காயப்படுத்தினான். அவரைக் காண அரசி மேரி ஜெட்பரோவிலிருந்து ஹெர்மிடேஜ் கோட்டைவரை குதிரையில் சென்று அன்றே திரும்பினார்.

பெயர் பரவியதற்கு இந்தப் பிழைப்பு முடிவுக்கு வந்ததே பெரிய காரணம். 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானபோது எல்லை என்பதே பொருளற்றுப் போயிற்று. பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் நாடு கடத்தப்பட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் வட அயர்லாந்தின் அல்ஸ்டரில் நிலம் பங்கிடப்பட்டபோது எல்லைக் குடும்பங்கள் கூட்டமாக அங்கே பெயர்ந்தன. ஃபெர்மனா மாவட்டத்தில் எலியட், ஆம்ஸ்ட்ராங், ஜான்ஸ்டன் ஆகிய பெயர்கள் இன்றும் மிகுதியாக வழங்குவது அதனால்தான். அவர்களின் வழிவந்தோரில் பலர் 18ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா சென்றனர்.

பதில்: பழஞ்சுவடி

எழுத்துக்கூட்டல் பற்றிய கேள்விக்கு ஸ்காட்லாந்திலேயே ஒரு வேடிக்கையான பழம்பாட்டு உண்டு. அதன் சாரம் இது: இரண்டு ‘எல்’, ஒரு ‘டி’ என்றால் மிண்டோ, வுல்ஃப்லீ கிளையினர், ஒரு ‘எல்’, இரண்டு ‘டி’ என்றால் ஸ்டாப்ஸ் கிளையினர், இரண்டும் ஒற்றை என்றால் கார்ன்வாலின் செயின்ட் ஜெர்மன்ஸ் குடும்பத்தார், இரண்டும் இரட்டையாக இருந்தால் அவர்கள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது! ஜிப்ரால்டரை 1779 முதல் 1783 வரை முற்றுகையிலிருந்து காத்த தளபதி ஸ்டாப்ஸ் கிளை. 1632இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்த நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஜான் எலியட் செயின்ட் ஜெர்மன்ஸ் குடும்பம்.

நம் சென்னைக்கு வருவோம். 1814 முதல் 1820 வரை இங்கே கவர்னராக இருந்த ஹியூ எலியட், அதற்குச் சற்று முன்பு கவர்னர் ஜெனரலாக இருந்த மிண்டோ பிரபுவின் தம்பி. மிண்டோ என்பது அவர்களுடைய ஊர். குடும்பப் பெயர் எலியட். 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தின் மிண்டோவும் இதே வழியில் வந்தவர். ஹியூ எலியட்டின் மகன் எட்வர்ட், சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டாகவும் போலீஸ் சூப்பரிண்டெண்டாகவும் இருந்தவர். கடற்கரையும் தங்கள் தந்தையாரின் சாலையும் பெயர் பெற்றது அவரால்தான். ஆகவே இரண்டு ‘எல்’, ஒரு ‘டி’ என்பதே சரி.

பாட்டின் முதல் வரியிலுள்ள வுல்ஃப்லீயும் சென்னைக்கு வந்திருக்கிறது. 1845இல் அமராவதியில் அகழ்ந்து பௌத்தச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்த வால்டர் எலியட் அக்கிளையினர். அச்சிற்பங்களில் பெரும்பகுதி பிறகு லண்டனுக்குப் போனது வருத்தமே; ஆயினும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களை இன்றும் காணலாம். 1887 மார்ச் 1ஆம் தேதி தாம் இறந்த அன்று காலையிலும், பார்வை இழந்திருந்த அவர், குறள் பதிப்பைக் குறித்து ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதச் செய்து கையெழுத்திட்டார்.

பதில்: மயிலை ஆசிரியை

ஒரு சிறு எச்சரிக்கை. அப்பாட்டைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். பழைய தேவாலயப் பதிவேடுகளில் ஒரே ஆளின் திருமணம் ஒரு விதமாகவும் அடக்கம் வேறு விதமாகவும் எழுதப்படுவது சாதாரணம். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். உயர்குடியினர் தம் கிளையைப் பிரித்துக் காட்டப் பின்னாளில் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவே. எட்வர்டுக்கு அது பொருந்தும். பெரம்பூரிலோ பரங்கிமலையிலோ வாழும் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் கிளையை ‘டி’க்களை எண்ணித் தீர்மானிக்க இயலாது.

பதில்: அடையாறுவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதங்களை வகைப்படுத்தி உறையிலிட்டுவிட்டேன். சரியாக எழுதியவர் என் தந்தையாரின் அலுவலக எழுத்தர் என்று தெரிகிறது. பெரியப்பா மட்டும், யாரென்று ஒருவருக்கும் தெரியாத எலியட்டின் சாலைக்கே பதினொரு ஆண்டுகள் கடிதம் போட்டிருக்கிறார்.