குதிரை லத்தி அள்ளுவது ஜூனியர்களின் வேலை மட்டும்தானா?

ஆறாம் வகுப்பு அம்மா:
குதிரையேற்றம் உள்ள பெண்கள் விடுதிப் பள்ளியில் மகளைச் சேர்த்து இரண்டு மாதம் ஆகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு லாயத்தில் லத்தி அள்ளுவது முழுக்கப் புதுப் பிள்ளைகள்தான். சீனியர்கள் நிதானமாக ஆறரைக்கு வந்து, சேணம் கட்டித் தயாராக நிற்கும் குதிரையில் ஏறிப் போகிறார்கள். கேட்டால் ‘பள்ளி மரபு’ என்கிறார் வார்டன். இது மரபா, எடுபிடி வேலையா?

பழைய விடுதிக்காரி:
நானும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவள்தான். முதல் வாரம் முழுக்க அழுகை. அப்புறம் ஒரு நாள், குளம்பைத் தூக்கிக் கொக்கியால் மண்ணைத் தோண்டும்போது உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு கல். அதை எடுத்துப் போட்டதும் குதிரை என் தோளில் மூச்சு விட்டது. எங்களுக்குள் பழக்கம் தொடங்கியது அன்றைக்குத்தான். இதை மைதானத்தில் கற்க முடியாது.

லாடம்:
அவ்வளவு நல்ல பாடம் என்றால் சீனியர்களுக்கு ஏன் விடுமுறை, அக்கா? சேணத்தின் வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. நாலடி நடந்ததும் வார் தளர்ந்துவிடும். ஏறுமுன் தானே இழுத்துப் பார்க்காதவள் சேணத்தோடு சரிவாள். அதோடு, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்று வலி உயிரையே வாங்கிவிடும். லத்தி குறைந்திருப்பதைப் பார்த்துச் சுதாரிக்க அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் யாரிடம் இருக்கிறது, பதினொரு வயதுப் பிள்ளையிடமா?

பழைய விடுதிக்காரி:
பக்கத்தில் குதிரைக்காரர் இருப்பார், தம்பி. உதவி வாங்குவதும் இழிவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு போட்டியிட்டு, குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளி வென்ற டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலுக்கே குதிரையில் ஏற இறங்க ஆள் வேண்டியிருந்தது.

லாடம்:
அவருக்குப் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலில்லை. உங்கள் சீனியர்களுக்கு என்ன வந்தது?

பழைய விடுதிக்காரி:
சரி, சேணத்தை அவரவரே கட்டட்டும். வாளி மட்டும் ஜூனியர்களிடமே இருக்கட்டும். நான் மூன்று வருடம் அள்ளியவள்.

லாடம்:
நீங்கள் பட்டதை அவர்களும் பட வேண்டும், அவ்வளவுதானே?

ஆறாம் வகுப்பு அம்மா:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நேற்று மகளிடமே கேட்டேன். லத்தி அள்ளுவதெல்லாம் அவளுக்குப் பிரச்சினையே இல்லையாம். “நான் தேய்த்துவிட்ட குதிரையில் தினமும் வேற யாரோ ஏறிப் போறாங்கம்மா” என்றாள்.