பொங்கல் விழாவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு மரியாதை: சால்வையைத் தாண்டி என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். நான் வேலூர் மாவட்டம், கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்குகிற அளவுக்கு வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. எங்கள் ஊர் அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் தெருவுக்கு இரண்டு மிலிட்டரிக்காரர் வீடாவது இருக்கும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள். நமக்கு அது பொங்கலை ஒட்டியே வந்துவிடுவதால் இளைஞர் மன்றத்து விளையாட்டு விழாவிலேயே அவர்களை மேடை ஏற்றுகிறோம். சால்வை, ஷீல்டு, மைக்கில் நாலு வார்த்தை, போட்டோ, அவ்வளவுதான். போன பொங்கலுக்கு 1971 போரில் இருந்த பெரியவர் ஒருவர், சிறப்பு விருந்தினர் வரத் தாமதம் என்பதால் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து, சால்வையை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்த முனையில் இருந்தீர்கள் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. எனக்கு மனசே ஆறவில்லை. இந்த வருடம் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும். பணம் பெரிதாகக் கிடையாது, ஆனால் ஓடியாடி வேலை செய்யப் பையன்கள் இருக்கிறார்கள். யோசனை சொல்லுங்கள்.

சுபேதார்_ஓய்வு:
தம்பி, கேட்டதற்கே சந்தோஷம். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி முடித்து வடக்கே, வடகிழக்கே எல்லாம் இருந்து வந்தவன். சால்வை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஊர் கூப்பிட்டு மரியாதை செய்தால் யாருக்கும் நெஞ்சு நிறையும். ஆனால் சால்வை போட்டதும் கீழே இறக்கிவிடாதீர்கள், பேச விடுங்கள். வீரவசனம் எங்களுக்கு வராது. பையன்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: உயரமான மலைக் காவல் போஸ்டில் தண்ணீர் எப்படிக் கிடைக்கும் (பனிக்கட்டியை ஸ்டவ்வில் உருக்கித்தான்), லங்கரில் (பட்டாளத்துச் சமையல்கூடம்) என்ன சமைப்பார்கள், லீவு கிடைத்தால் ரிசர்வேஷன் இல்லாமல் ஹிம்சாகர் ரயிலில் எப்படி வந்து சேர்ந்தீர்கள், இந்த மாதிரி. அவரவர் வீட்டில் கறுப்பு ட்ரங்குப் பெட்டி இருக்கும், வெள்ளைப் பெயின்டில் நம்பர், பெயர், யூனிட் எழுதியது. அதை மேடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள், பெட்டியைத் திறந்தால் பேச்சு தானாக வரும்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் எங்கள் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியன் முகாம் புதைந்து பத்து பேர் போனார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், அதில் ஒருவர் நம் வேலூர் மாவட்டம். அந்த வாரம் முழுக்க டிவியில் அதுதான். இப்போது உங்கள் மன்றத்துப் பையன்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. முன்னாள் ராணுவத்தினர் என்றால் எல்லோரும் நரைத்த மீசையைத் தேடுகிறார்கள். சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் நாற்பது வயதுக்கு முன்பே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும், பென்ஷன் பற்றாது. அதனால் பேங்க் வாசலிலோ ஏடிஎம்மிலோ செக்யூரிட்டியாக நிற்பார்கள். உங்கள் ஊரிலும் இருப்பார்கள், மேடைக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். அப்புறம் தெருவில் பார்த்ததும் "கேன்டீன் கோட்டா இருக்கா சார்" என்று கேட்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அத்தனை வருட சர்வீஸில் ஊருக்குத் தெரிந்தது ரம் பாட்டில் மட்டும்தானா என்று அப்போதெல்லாம் வலிக்கும்.

மலர்_தேனி:
சுபேதார் ஐயா சொன்ன எல்லாமே சரி. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். என் அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அவர் இருந்தவரைக்கும் குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டுக்கும் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்கு அழைப்பிதழ் வருவது நின்றது. அவர் எல்லையில் இருந்தபோது இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் மாட்டையும் வயலையும் தனியாகப் பார்த்துக்கொண்டது அம்மாதானே? லெட்டர் வர மூன்று வாரம் ஆன காலம் அது. போர்ச் செய்தி ரேடியோவில் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பார்.

உங்கள் விழாவில் கணவரை இழந்த பெண்களை முதல் வரிசையில் உட்கார வைத்து மேடைக்கு அழையுங்கள், பொங்கல் பானை வைக்கும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல நாளில் எப்படி என்று யாராவது பெரியவர் முணுமுணுத்தால் மன்றத்துப் பையன்கள் உறுதியாக நிற்க வேண்டும். போரில் கணவரை இழந்த பெண்களை ராணுவத்தில் வீர நாரி என்று மரியாதையாக அழைக்கிறார்கள், ஊரில் ஏன் இவர்களை ஓரமாக நிறுத்த வேண்டும்?

சேவைமைய_குமரன்:
நான் இ-சேவை மையம் நடத்துகிறேன். என்னிடம் வருகிற பென்ஷன்காரர்களை வைத்துச் சொல்கிறேன், பணமில்லாமல் செய்யக்கூடிய பெரிய உதவி பேப்பர் வேலைதான். ராணுவ பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் போர்ட்டலுக்கு மாறிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பாஸ்வேர்டு மறந்தவர்கள், நம்பர் மாற்றியவர்கள், விரல் ரேகை தேய்ந்தவர்கள் எல்லாம் என் கடை வாசலில் நிற்கிறார்கள். இப்போது அந்தச் சான்றிதழை ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டியே செல்போனில் முடிக்கலாம், படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார். இது தெரியாமல் பெரியவர்களை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இதைவிட முக்கியமானது மனைவி பெயர். ராணுவ ரெக்கார்டில் ராணி என்றும் ஆதாரில் ராணியம்மாள் என்றும் இருக்கும், பிறந்த தேதியும் இடிக்கும். கணவர் உயிரோடு இருக்கும்போது அவரே ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதித் திருத்தினால் எளிது. அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு அந்த அம்மா படுகிற பாடு இருக்கிறதே, பார்க்கச் சகிக்காது. விழா அன்று ஒரு டேபிள் போட்டு வீட்டுக்கு வீடு இதைச் சரிபார்த்துக் கொடுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை போன்றவற்றுக்கு அவர்கள் வழி சொல்வார்கள். கொடிநாள் டிசம்பர் 7, 1949இலிருந்து நடக்கிறது. அன்றைக்கு உண்டியலில் போடுகிற காசும் இந்தக் குடும்பங்களுக்குத்தான் போகிறது, விழாவில் அதையும் ஒரு வரி சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:
மூன்று பேருக்கும் நன்றி. மலர் அக்கா, உங்கள் பதிலை மன்றத்துக் குழுவில் அப்படியே போட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி நான்கைந்து அம்மாக்கள் இருக்கிறார்கள், நேரில் போய்த்தான் அழைக்கப் போகிறோம். சுபேதார் ஐயா, அந்த 1971 பெரியவரிடம் நேற்று பேசினேன், பெட்டி பரணில் இருக்கிறதாம், இறக்கித் தர ஆள் அனுப்பச் சொன்னார். குமரன் அண்ணா, டேபிளுக்கு எதையெல்லாம் கொண்டு வரச் சொல்ல வேண்டும்?

சேவைமைய_குமரன்:
பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகல், டிஸ்சார்ஜ் புக், கணவன் மனைவி இருவரின் ஆதார், பேங்க் பாஸ்புக், ஆதாரில் இணைத்த நம்பர் உள்ள செல்போன். போன் முக்கியம், ஓடிபி அதில்தான் வரும். நிறையப் பேர் அதை மகன் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள், அழைக்கப் போகும்போதே அழுத்திச் சொல்லிவிடுங்கள்.