ஏபிஎல்: 63 வரவேண்டிய இடத்தில் ¯57 வருகிறது

பினாங்குப் பூக்கடை:
ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சித்தியின் பூக்கடைக் கணக்கை ஏபிஎல் (APL) என்ற நிரல் மொழியில் எழுதிப் பழகுகிறேன். அதில் +/ என்றால் வரிசை முழுவதையும் கூட்டு என்று பொருள். மாலை விலை 12, 8, 5 வெள்ளி (ரிங்கிட்). விற்றவை 2, 3, 4. மொத்தத்தில் 5 வெள்ளி தள்ளுபடி.

+/12 8 5×2 3 4-5

68இல் 5 போனால் 63. ஆனால் ¯57, அதாவது மைனஸ் 57 என்கிறது. பெருக்கல் முடிந்த பிறகுதானே கழித்தல்? எங்கே இடிக்கிறது?

பிரிக்ஃபீல்ட்ஸ்காரன்:
தம்பி, பள்ளிக்கூட முன்னுரிமை இங்கே செல்லாது. + - × ÷ போன்ற சார்புகள் (functions) எல்லாம் ஒரே தரம். ஒவ்வொரு சார்பும் தன் வலப்பக்கத்தில் இருக்கும் அத்தனையின் விடைக்காகவும் காத்திருக்கும். இடைவெளி விட்டு எழுதிய எண்கள் அதற்கு முன்பே ஓர் அணியாகச் சேர்ந்துவிடும். ஆகவே 5 கழிவது 4இலிருந்து மட்டுமல்ல, 2 3 4 மூன்றிலிருந்தும்: ¯3 ¯2 ¯1. விலையால் பெருக்கினால் ¯36 ¯16 ¯5. கூட்டிப் பாருங்கள், ¯57 தான். இப்படி எழுதுங்கள்:

(+/12 8 5×2 3 4)-5

கென்னத் ஐவர்சன் 1962இல் இந்தக் குறியீட்டை நூலாக வெளியிட்டார். இதில் சார்புகள் டஜன் கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிநிலை வைத்தால் யார் மனப்பாடம் செய்வது? ஒரே விதி என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

பினாங்குப் பூக்கடை:
63 வந்துவிட்டது, நன்றி அண்ணா. ஆனால் எல்லாமே வலப்பக்கத்தைப் பார்க்கின்றன என்றால், / மட்டும் இடப்பக்கத்து + குறியைப் பிடித்துக்கொள்வது எப்படி?

செந்தூல் அக்கா:
நல்ல கேள்வி, பலரும் இதைக் கேட்காமலே கடந்துவிடுகிறார்கள். + சார்பு, / செயற்குறி (operator), அதாவது சார்பை மாற்றியமைக்கும் குறி. செயற்குறிக்கு இடப்பக்கத்தோடுதான் ஒட்டுதல், அதுவும் சார்புகள் வேலையைத் தொடங்கும் முன்பே. அதனால் +/ இரண்டும் சேர்ந்து புதிய சார்பாகிவிடுகின்றன. -/10 4 3 கொடுத்துப் பாருங்கள்: 3 வராது, 9 வரும், ஏனென்றால் அது 10-(4-3). -/1 2 3 4 கொடுத்தால் ¯2. ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்கும் தொடர் இலவசமாகக் கிடைக்கிறது! இடப்பக்கம் எண்கள் இருந்தால் மட்டும் / வேறு வேலை செய்யும்: 1 0 1/12 8 5 என்றால் 12 5 மட்டும் மிஞ்சும்.

தம்பி, அடைப்புக்குறி இல்லாமலும் எழுதலாம்:

¯5++/12 8 5×2 3 4

இரண்டு + அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு மிரள வேண்டாம். முதலாவது கூட்டல், இரண்டாவது / குறிக்குச் சொந்தம்.