கோமதி அத்தை வீட்டு மாடிச் சாமந்தி

குழு: ராயக்கோட்டை வீடு

*ஜனவரி 4*

கோமதி (கோவை), காலை 7:12
[படம்]
அண்ணா, நீங்கள் ஆடியில் கொடுத்து அனுப்பிய மஞ்சள் சாமந்திக் கன்று இது. இடுப்பு உயரம் வந்துவிட்டது. இலையெல்லாம் கருகருவென்று இருக்கிறது. ஒரு மொட்டு கூட இல்லை. பொங்கலுக்கு என் செடிப் பூவைத்தான் சாமிக்கு வைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தேன்.

முருகேசன், 7:20
இங்கே அதே கன்று ஐப்பசிக் கடைசியிலேயே பூத்துவிட்டது. தோட்டத்தில் பறிப்பு முடியப்போகிறது. யூரியா ஏதாவது போட்டாயா?

கோமதி, 7:22
இல்லை அண்ணா. மண்புழு உரம் மட்டும்தான்.

வசந்தா (மன்னார்குடி), 7:31
நுனி கிள்ளினாயா கோமதி?

கோமதி, 7:33
இரண்டு முறை கிள்ளினேன் அக்கா. பக்கக் கிளை நிறைய வந்தது. பூதான் வரவில்லை.

சித்ரா, 7:50
அத்தை, எல்லாத் தொட்டியும் இப்படித்தானா?

கோமதி, 7:58
மொத்தம் ஒன்பது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மூன்று நோஞ்சான் செடிகள், வெயில் சரியாகப் படாத இடம். அவை மூன்றும் பூத்திருக்கின்றன! நல்ல வெயிலில் கொழுகொழுவென்று நிற்கும் ஆறும் பூக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

சித்ரா, 8:03
இன்றைக்கு இரவு எட்டு மணிக்கு மேல் மாடிக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விளக்கு எதுவும் போடாமல்.

கோமதி, இரவு 8:16
[படம்]
விளக்குப் போடத் தேவையே இல்லை சித்ரா. ஆவணியில் எதிரே புதிதாகக் கம்பம் நட்டு வெள்ளை எல்இடி தெருவிளக்கு மாட்டினார்கள். நம் மாடிச் சுவருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. விடிய விடிய எரியும்.

சித்ரா, 8:24
காரணம் கிடைத்துவிட்டது அத்தை. ஆறு தொட்டிகளும் அந்த வெளிச்சத்தில் நிற்கின்றன. மற்ற மூன்றும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில். அந்த ஆறு செடிகளுக்கும் இன்னும் இரவே வரவில்லை. உங்கள் கையிலும் குறை இல்லை, மண்ணிலும் குறை இல்லை.

கோமதி, 8:26
இரவு வராததற்கும் பூக்காததற்கும் என்னம்மா சம்பந்தம்?

சித்ரா, 8:41
சாமந்தி இரவை அளக்கிற செடி அத்தை. ஏறக்குறைய பத்து மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக இருட்டு கிடைத்தால்தான் மொட்டு கட்டி விரியும். அதுவும் ஒருநாள் போதாது, நாள்தோறும் சில வாரங்களுக்கு வேண்டும். கோவையில் வருடத்திலேயே குட்டையான இரவு ஆனி மாதத்தில் வரும். அதுவே பதினொரு மணி நேரத்துக்கு மேல். ஆக நம் ஊரில் இருட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை, விளக்கு வரும் வரை.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1938ல் ஹாம்னர், பானர் என்ற இரண்டு பேர் மருளூமத்தையை வைத்துச் சோதித்தார்கள். வேட்டியில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த முள்காய்ச் செடி. பகலின் நடுவே அதைச் சிறிது நேரம் இருட்டில் வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, வழக்கம்போல் பூத்தது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடங்கள் மட்டும் விளக்கைக் காட்டினார்கள். பூக்கவில்லை! ஒரு நீண்ட இரவை அந்தச் சில நிமிட வெளிச்சம் இரண்டு குட்டை இரவுகளாக வெட்டிவிட்டது. உங்கள் செடிக்கோ இரவு முழுவதும் வெளிச்சம்.

முருகேசன், 8:50
சித்ரா சொல்வது சரி. ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் கொய்மலர்ச் சாமந்தி, அதாவது நீளக் காம்போடு வெட்டி விற்கிற சாமந்தி போடுகிறவர்கள் நட்ட நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை பல்பு எரிய விடுவார்கள். இல்லாவிட்டால் குட்டைச் செடியிலேயே மொட்டு வைத்துவிடும், காம்பு நீளம் கிடைக்காது. போதுமான உயரம் வந்ததும் பல்பை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் நிறுத்துகிறார்கள், உன் தெருவில் நிறுத்தவில்லை. அவ்வளவுதான் கோமதி.

செல்வராஜ் (மன்னார்குடி), 9:05
மச்சான், நெல்லிலும் இது உண்டு. நம் மாப்பிள்ளை சம்பா வயல் ரோட்டோரமாக இருக்கிறது. கம்பத்து விளக்கு விழுகிற இடத்தில் மட்டும் வட்டமாகப் பச்சை நிற்கும். சுற்றிலும் கதிர் வந்து பால் பிடித்துத் தலை சாய்ந்திருக்கும், அந்த வட்டம் தண்டுக்குள் கதிர் திரளுகிற தொண்டைக்கதிருக்குக் கூட வந்திருக்காது. வேலைக்கு வருகிறவர்கள் அங்கே சாணி அதிகம் விழுந்துவிட்டது என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

சித்ரா, 9:14
மாமா, அருமையான உதாரணம். நம் பழைய சம்பா ரகங்கள் எல்லாம் இரவு நீளுவதற்காகக் காத்திருப்பவை. அவற்றை இரவு குட்டையாக இருக்கும் குறுவைப் பட்டத்தில் விதைத்தால் வைக்கோல்தான் வளரும். இரவு நீண்ட பிறகுதான் கதிர் தள்ளும். பட்டம் பார்த்து விதை என்று பெரியவர்கள் அடித்துச் சொன்னதற்கு மழை மட்டும் காரணம் இல்லை. 1966ல் வந்த ஐ.ஆர்.8 அந்தக் கணக்கைப் பார்க்காத ரகம். எந்த மாதம் விதைத்தாலும் நாள் கணக்குக்கு விளைந்துவிடும். அதனால்தான் ஒரே வயலில் வருடத்துக்கு இரண்டு மூன்று போகம் எடுக்க முடிந்தது.

செல்வராஜ், 9:17
அது உண்மை. ஆனால் பழைய ரகத்தில் ஒரு நன்மை உண்டு. பதினைந்து நாள் முன்னே பின்னே விதைத்தாலும் ஊர் முழுக்க ஒரே சமயத்தில் கதிர் வரும். தண்ணீர் வடியும் நேரத்துக்கு அறுப்பும் சரியாக வந்துவிடும்.

சிவா (சிங்கப்பூர்), 9:32
அம்மா, தெருவிளக்குக்கு ஒரு மறைப்பு போடச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமே?

கோமதி, 9:35
வேண்டாம்ப்பா. டியூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் எட்டரைக்கு மேல் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். விளக்கு வந்த பிறகுதான் அவர்கள் அம்மாக்களுக்கு நிம்மதி. செடியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிவா, 9:40
சரிம்மா. சித்ரா, ஒரு சந்தேகம். வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் பௌர்ணமி நிலா?

சித்ரா, 9:46
நல்ல கேள்வி சிவா. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள், முழு நிலவு வெளிச்சம் சுமார் கால் லக்ஸ்தான். சாமந்தி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தெருவிளக்குக்கு அடியில் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் விழும். அத்தை மாடியோ விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சிவா, 9:52
அப்படியானால் போன வருடம் வியட்நாமில் பான் தியட் போகும் வழியில் பார்த்தது இதுதானா? ராத்திரியில் தோட்டம் தோட்டமாக டிராகன் பழச் செடிகளுக்கு மேல் ஆயிரக்கணக்கில் பல்பு எரிந்தது. திருவிழா என்று நினைத்துவிட்டேன்.

சித்ரா, 9:58
அதே தந்திரம்தான், திசை மட்டும் மாறியது. டிராகன் பழம் குட்டை இரவில் பூக்கிற செடி. குளிர்காலத்தில் இரவு நீண்டுவிடுவதால் பூக்காது. நடுவில் விளக்குப் போட்டு இரவை வெட்டினால் கோடை என்று எண்ணிப் பூத்துவிடும். பருவம் இல்லாத நேரத்தில் பழம், அதனால் நல்ல விலை.

*ஜனவரி 5*

கோமதி, காலை 6:40
தொட்டிகள் எல்லாம் மண் தொட்டி. நகர்த்த என் முதுகுக்கு ஆகாது. ராத்திரியில் மூடலாம் என்று இருக்கிறேன். மொட்டு நுனியில்தானே வருகிறது? நுனிக்கு மட்டும் காகிதப் பை மாட்டினால் போதுமா?

சித்ரா, 7:05
போதாது அத்தை. இரவை அளப்பது இலை. இதைக் கண்டுபிடிக்க உதவியதே சாமந்திதான், தெரியுமா! 1930களில் சோவியத் நாட்டில் சைலாக்யான் என்ற விஞ்ஞானி சாமந்தியின் மேல்பாதி இலைகளை உருவிவிட்டார். கீழ்ப்பாதி இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவு, மேலே மொட்டைத் தண்டுக்குக் குட்டை இரவு. நுனி பூத்தது. மாற்றிச் செய்தபோது பூக்கவில்லை. இலையிலிருந்து ஏதோ ஒரு செய்தி நுனிக்கு ஏறுகிறது என்று சொல்லி, அதற்குப் 'புளோரிஜென்' என்று பேரும் வைத்தார். அது என்ன பொருள் என்று பிடிக்க எழுபது வருடம் ஆனது. 2007ல்தான் அது ஒரு சிறிய புரதம் என்று உறுதியானது. மாமாவுக்குப் பிடிக்கும்: ஜப்பானில் அதை நெற்பயிரில்தான் காட்டினார்கள்.

ஆகவே செடி முழுவதையும் மூடுங்கள். மாலை ஆறேகாலுக்கு மூடி, காலை ஆறே முக்காலுக்கு எடுங்கள். ஒருநாளும் விடக் கூடாது.

செல்வராஜ், 7:20
இலையில் கண் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்ன?

சித்ரா, 7:44
கண் இல்லை மாமா, நிறமி. பைட்டோகுரோம் என்று பேர். 1959ல் அமெரிக்காவில் மேரிலாந்தில் உள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் கண்டார்கள். அதற்கு இரண்டு உருவம். சிவப்பு வெளிச்சம் பட்டால் விழித்த உருவத்துக்கு மாறும். சிவப்பின் விளிம்பில், நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிகிற தூரச் சிவப்பு பட்டால் திரும்பத் தூங்கும் உருவம். இருட்டில் விட்டாலும் மெல்ல மெல்லத் தூங்கப்போகும். இது ஒரு பக்கம். செடிக்குள் ஒரு நாள் கடிகாரமும் ஓடுகிறது. நடு ராத்திரி என்று கடிகாரம் காட்டும் நேரத்தில் நிறமி விழித்திருந்தால், இது நீண்ட இரவு இல்லை என்று இலை முடிவு செய்து பூக்கும் செய்தியை அனுப்பாமல் நிறுத்திக்கொள்கிறது. வெள்ளை எல்இடியில் சிவப்பும் கலந்திருக்கிறது.

செல்வராஜ், 7:46
இத்தனை வருடம் வயலில் நின்றிருக்கிறேன். இதை யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லையம்மா.

*ஜனவரி 7*

கோமதி, மாலை 5:10
[படம்]
கோயிலுக்குப் போக வேண்டும் என்று நான்கு மணிக்கே மூடிவிட்டேன். பழைய கறுப்புத் தார்ப்பாய். காற்று புகாதபடி கல் வைத்துவிட்டேன்.

சித்ரா, 5:13
அத்தை, உடனே எடுங்கள்! வெயிலில் கறுப்புத் தார்ப்பாய் உள்ளே வெந்துவிடும்.

கோமதி, 5:21
எடுத்துவிட்டேன். உள்ளே கை வைத்தால் கொதிக்கிறது. இலையெல்லாம் வியர்த்திருக்கிறது.

சித்ரா, 5:38
நல்லவேளை. சாமந்திக்கு இருட்டோடு குளிர்ச்சியும் வேண்டும். இருட்டு சரியாகக் கிடைத்தாலும் இரவு வெக்கையாக இருந்தால் மொட்டு தள்ளிப்போகும். குடில்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று சொன்ன… இல்லை, முந்தாநாள் சொன்ன அதே பைட்டோகுரோம் வெப்பத்தையும் அறிகிறது. இரவு வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் தூங்கிவிடும், குளிர்ந்தால் மெதுவாக. 2016ல் கேம்பிரிட்ஜிலும் அர்ஜென்டினாவிலும் தனித்தனியாக இதைக் கண்டார்கள், கடுகு இனத்துச் சின்னச் செடி ஒன்றில். வெளிச்சத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் கருவி இருக்கும் என்று நான் படித்த காலத்தில் நினைத்திருந்தேன். ஒரே நிறமி இரண்டையும் பார்க்கிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

வசந்தா, 5:50
மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறுகிறதே, அதுவும் இதனாலா சித்ரா?

சித்ரா, 5:56
மல்லிக்குக் குளிர்தான் எதிரி அத்தை. கோடைச் சூட்டில்தான் அரும்பு பொங்கி வரும். சாமந்திக்கு நேர்மாறு.

முருகேசன், 6:02
கோமதி, பருத்தித் துணி, கறுப்பு, இரண்டு மடிப்பு. நான்கு மூங்கில் குச்சி நட்டு அதன்மேல் போர்த்து. இலையில் படக் கூடாது. துணி என்றால் சூடு வெளியேறிவிடும். வெயில் இறங்கிய பிறகுதான் மூட வேண்டும். பொங்கலுக்குக் கவலைப்படாதே. பஸ்ஸில் இரண்டு கிலோ பூ போட்டுவிடுகிறேன்.

கோமதி, 6:05
சரி அண்ணா. குடை தைக்கிறவரிடம் கறுப்புத் துணி கிடைக்கும். நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

*பிப்ரவரி 8*

கோமதி, காலை 6:52
[படம்]
[படம்]
சித்ரா! அண்ணா! பாருங்கள்! ஆறு தொட்டியிலும் கிளைக்குக் கிளை மொட்டு. பட்டாணி அளவு இருக்கிறது. காலையில் துணியை எடுத்தபோது கை நடுங்கிவிட்டது.

முருகேசன், 6:58
ரொம்ப சந்தோஷம் கோமதி. ஒருநாள் கூட விடாமல் மூடியிருக்கிறாய், மொட்டைப் பார்த்தாலே தெரிகிறது.

செல்வராஜ், 7:03
கோமதி, நம் வயலில் அந்தப் பச்சை வட்டத்துக்கு இந்த வருடம் மொட்டைமாடிச் சாமந்தி என்றே பேர் வைத்துவிட்டார்கள். வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் உன் கதையைச் சொன்னேன்.

கோமதி, 7:06
இனிமேல் மூடாமல் விடலாமா சித்ரா? மொட்டுதான் வந்துவிட்டதே.

சித்ரா, 7:15
இன்னும் வேண்டாம் அத்தை. மொட்டில் மஞ்சள் நிறம் எட்டிப்பார்க்கும் வரை மூடுங்கள். இப்போது நிறுத்தினால் மொட்டு அப்படியே நின்றுபோகலாம்.

கோமதி, 7:17
சரிம்மா. ஆறேகாலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும்.