1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஐடிவி (இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடுற மதிப்பு) 45,000 ரூபாய்க்கு மேல ஏற மாட்டேங்குது. ஒப்புக்கொண்ட மதிப்புல பாலிசி கிடைக்குமா?

ஹெரால்டு_திருச்சி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு, 948 சிசி. சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் செஞ்சது. தாத்தா புதுசா எடுத்தது, இப்ப என் பேர்ல இருக்கு. ஆர்சி புதுப்பிச்சு நடப்புல இருக்கு.

ரெண்டு வருஷமா டிங்கரிங், பெயிண்டிங், சேஸி வேலை, இன்ஜின் எல்லாம் முடிச்சு போன மாசம்தான் ரோட்டுக்கு வந்துச்சு. செலவு அஞ்சு லட்சத்தைத் தாண்டிடுச்சு. இவ்வளவு நாள் ஷெட்ல நின்னதால தேர்டு பார்ட்டி (மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான பாலிசி) மட்டும்தான் போட்டிருந்தோம். இப்ப முழு பாலிசி எடுக்கணும்னு ஆன்லைன்ல பார்த்தா ஐடிவி அதிகபட்சம் 45,000 ரூபாய்தான் காட்டுது, அதுக்கு மேல நகர மாட்டேங்குது. ஏஜென்ட்டைக் கேட்டா "15 வருஷம் தாண்டின வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான் சார், வேற எதுவும் கிடையாது"ன்னு சொல்லிட்டார்.

வெளிநாட்டுல பழைய காருக்கு முன்கூட்டியே ஒரு தொகையை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, வண்டி போனா அந்தத் தொகையை அப்படியே கொடுக்குற பாலிசி இருக்காம். நம்ம ஊர்ல அது உண்டா? யாராவது எடுத்திருக்கீங்களா?

கோவை_ஃபியட்:

தம்பி, ஏஜென்ட் சொன்னதைக் காதுல வாங்காதீங்க. என்கிட்ட 1964 ஃபியட் 1100 இருக்கு, முழு பாலிசியோடதான் ஓடுது. ஆன்லைன்ல ஆகாது. மாடலையும் வருஷத்தையும் வச்சு கம்ப்யூட்டரே ஒரு தொகையைப் போட்டுடும், பழைய வண்டிக்கு அது எப்பவும் அடிமாட்டு விலைதான். நேரா கிளை அலுவலகத்துக்குப் போங்க. கவுன்ட்டர்ல பேசிப் பிரயோஜனம் இல்ல, அண்டர்ரைட்டிங் பார்க்குறவரை, அதாவது பாலிசி எவ்வளவுக்குத் தரலாம்னு முடிவு பண்றவரைப் பாருங்க. வண்டியையும் ஓட்டிட்டுப் போங்க. நான் போனப்போ மேனேஜர் கீழ இறங்கி வந்து வண்டியைச் சுத்திப் பார்த்த பிறகுதான் பேச்சே மாறுச்சு.

முதல்ல போன தனியார் கம்பெனி முடியவே முடியாதுன்னுடுச்சு. அரசு கம்பெனி கிளை ஒன்னுல, மதிப்பீட்டு அறிக்கை கொண்டுவந்தா பார்க்கலாம்னாங்க. கொண்டுபோனேன், கிடைச்சுது.

வின்டேஜ்_ரைடர்:

இவ்வளவு அலையவே வேண்டாம். 50 வருஷம் தாண்டிடுச்சுல்ல, விஏ நம்பர் வாங்கிடுங்க. வின்டேஜ்னு பதிவாயிட்டா ஒப்புக்கொண்ட மதிப்பு பாலிசி தானா வந்துடும்.

சர்வேயர்_மதுரை:

வின்டேஜ்_ரைடர், இது பலரும் குழம்புகிற இடம். வின்டேஜ் என்பதற்கு இரண்டு விதிகளில் இரண்டு அர்த்தம் இருக்கிறது.

போக்குவரத்துத் துறையின் விதி 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு விஏ எழுத்துள்ள எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு.

காப்பீட்டு விதி அது இல்லை. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிப்படி, 31-12-1940க்கு முன் தயாராகி, வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்று அளித்த கார்தான் வின்டேஜ். ஒப்புக்கொண்ட மதிப்பு பாலிசியை அந்த விதி அந்தக் கார்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. சொந்தச் சேதப் பிரீமியத்தில் 25 சதவீதத் தள்ளுபடியும் அவற்றுக்குத்தான். 2007 ஜனவரியில் கட்டணக் கட்டுப்பாடு போய்விட்டது. ஆனால் பாலிசி வாசகங்கள் இன்றும் பெரும்பாலும் அந்த விதியை ஒட்டியே இருக்கின்றன. உங்கள் நண்பரிடம் 1937 ஆஸ்டின் இருந்தால் அவர் தாராளமாகக் கேட்கலாம். 1970 ஹெரால்டுக்கு அந்தப் பெயரில் பாலிசி வராது.

திருச்சி நண்பருக்கு: பெயர்தான் கிடைக்காதே தவிர, பலன் பெருமளவு கிடைக்கும். ஐந்து ஆண்டு வரைதான் ஐடிவிக்குத் தேய்மான அட்டவணை உண்டு. அதைத் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும், நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகையே ஐடிவி என்று அதே விதி சொல்கிறது. 45,000 என்பது கம்ப்யூட்டரில் அவர்களாக வைத்த எல்லை. அடுத்ததாக, பாலிசிப் புத்தகத்தில் ஐடிவி பகுதியைப் படியுங்கள். முழு இழப்பு வந்தால், பாலிசிக் காலம் முழுக்க ஐடிவியே சந்தை மதிப்பாகக் கருதப்படும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கப்படாது என்று இருக்கும். திருட்டுக்கும் இதுவே. 2008இல் தர்மேந்திர கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றமும், பாலிசி போடும்போது ஏற்ற மதிப்பை விபத்துக்குப் பிறகு நிறுவனம் மறுக்க முடியாது என்றுதான் சொன்னது.

ஆகவே உங்கள் முழுப் போராட்டமும் பாலிசி போடுகிற அந்த நாளில்தான். இப்போது எந்த எண்ணை எழுத வைக்கிறீர்களோ, அதுதான் பின்னால் கைக்கு வரும்.

ஹெரால்டு_திருச்சி:

சார், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பிரீமியம் கம்மியா இருக்கட்டும்னு ஒரு லட்சத்துல நிறுத்தினா என்ன? முழுசா அழியுற மாதிரி விபத்து அபூர்வம்தானே? சின்னச் சின்ன அடிக்கு ஐடிவி எவ்வளவா இருந்தா என்னன்னு வீட்டுல கேக்குறாங்க.

சர்வேயர்_மதுரை:

வேண்டவே வேண்டாம். ஐடிவி குறைந்தால் சின்ன அடியே முழு இழப்பாகிவிடும்.

பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வண்டி முழு இழப்பு என்று கணக்காகும். 45,000 ஐடிவி என்றால் அந்தக் கோடு 33,750 ரூபாயில் வந்துவிடுகிறது. ஹெரால்டில் பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். எதிரே ஒரு ஆட்டோ உரசினாலே மொத்த முன்பாகத்துக்கும் வேலை வரும். இன்றைய பட்டறைக் கூலியில் 33,750 எந்த மூலைக்கு? உடனே முழு இழப்புக் கணக்கு. வண்டியை அவர்களிடம் விட வேண்டும், அல்லது உடைசல் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாங்க வேண்டும். ஓட்டக்கூடிய, சரிசெய்யக்கூடிய வண்டி காகிதத்தில் செத்துவிடும். நான் பார்த்த பழைய வண்டிகளில் இப்படிப் போனவை உண்டு, ஒவ்வொன்றையும் பார்க்க வயிறு எரியும். ஒரு லட்சத்தில் நிறுத்தினாலும் கோடு 75,000தான்.

பிரீமியத்தைப் பார்ப்போம். பழைய கட்டணப் பட்டியலில், சென்னை போன்ற பெருநகரம் அல்லாத ஊரில், 1000 சிசிக்குள் 10 ஆண்டு தாண்டிய காருக்கு சொந்தச் சேத விகிதம் 3.267 சதவீதம். ஐந்து லட்சத்துக்குச் சுமார் 16,300 ரூபாய். இதில் நிறுவனம் தன் விருப்பப்படி தள்ளுபடி தரும், கேட்டால்தான் தரும். தேர்டு பார்ட்டி 2,094. மேலே ஜிஎஸ்டி. முழு பாலிசி இல்லாமல் இருந்ததால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குத் தரும் தள்ளுபடி) எதிர்பார்க்காதீர்கள்.

பகுதிச் சேதம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஐடிவி எவ்வளவு உயர்ந்தாலும் இது மாறாது. 10 ஆண்டு தாண்டிய வண்டிக்கு உலோக பாகங்களின் விலையில் பாதி தேய்மானமாகப் போகும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை, கூலி முழுதாக வரும். பெயிண்டில் பொருள் செலவுக்குப் பாதி. தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு இந்த வயது வண்டிக்கு நடைமுறையில் கிடைக்காது. அதனால் பட்டறை பில்லில் பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். பழைய வண்டி வேலையில் கூலிதான் பெரிது, மொத்தமாக ஒரே வரியில் எழுதினால் நஷ்டம் உங்களுக்கு.

கோவை_ஃபியட்:

சார் சொன்ன 75 சதவீத விஷயம் எல்லாருக்கும் போய்ச் சேரணும். எங்க ஊர்லயும் ஒரு நல்ல வண்டி அப்படித்தான் போச்சு.

தம்பி, மதிப்பீட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி யாரோட அறிக்கையை ஏத்துப்பாங்கன்னு கிளையிலேயே கேட்டுக்கோங்க. சில இடத்துல அவங்க பட்டியல்ல இருக்குற ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் உள்ள சர்வேயர்தான் எழுதணும்பாங்க. அறிக்கையோட சேஸி நம்பர், இன்ஜின் நம்பர் படம், அடிப்பாகம், உள்பக்கம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், பில்லு எல்லாம் சேர்த்து வைங்க. இதே மாடல் வேற யாராவது வித்திருந்தா அந்த விலைக்கு ஆதாரம் இருந்தாலும் நல்லது. பழைய கார் கிளப்காரங்ககிட்ட ஒரு கடிதம் வாங்கினா பலம். சென்னையில மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி இருக்காங்க.

இன்னொன்னு, உங்களுது நாலு கதவு. இங்கிலாந்து ட்ரயம்ஃப் ஹெரால்டுக்கு நிறைய பாகம் இன்னிக்கும் கிடைக்கும், ஆனா அங்க நாலு கதவு சலூன் செய்யவே இல்ல. அது நம்ம ஊர்ல மட்டும் வந்தது. பின்கதவு போனா இன்னொரு ஹெரால்டு உடைச்சாத்தான் உண்டு. அறிக்கையில இதை எழுதச் சொல்லுங்க.

மொறிஸ்மைனர்_லண்டன்:

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில. என்னட்டை 1959 மொறிஸ் மைனர் நிக்குது. நீங்கள் கேட்ட அந்த முறைதான் இஞ்சை பழைய காருக்கு வழமை. ஆனா சும்மா தரமாட்டாங்கள். படங்கள், கிளப்பின்ர மதிப்பீட்டுக் கடிதம், வருசத்துக்கு இவ்வளவு மைலுக்கு மேல ஓடமாட்டன் எண்ட நிபந்தனை, தினப் பாவனைக்கு வேற கார் இருக்கெண்ட உறுதி, இவ்வளவும் கேட்பாங்கள். மதிப்பு எழுத்தில ஒத்துக்கொள்ளப்படேல்லை எண்டால் இஞ்சையும் சந்தை விலைதான், அதைத் தீர்மானிக்கிறது அவங்கட ஆள். ஒத்துக்கொண்ட மதிப்பையும் விலை ஏறேக்க திருத்த வேணும், இல்லாட்டி பழைய தொகையிலயே நிண்டுடும். நீங்களும் ஒவ்வொரு புதுப்பிப்பிலயும் பாருங்கோ.

ஹெரால்டு_திருச்சி:

அண்ணே, பின்கதவு விஷயம் எனக்கே தெரியாது. கண்டிப்பா எழுதச் சொல்றேன்.

சர்வேயர் சார், விஏ நம்பர் எடுக்கவா வேண்டாமா? வண்டியை வாரத்துல ரெண்டு நாள் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன், ஞாயிறு குடும்பத்தோட முக்கொம்பு, ஸ்ரீரங்கம்னு போவோம். இன்ஜின் ஒரிஜினல். டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர், எலக்ட்ரானிக் இக்னிஷன், சீட் பெல்ட் போட்டிருக்கேன்.

சர்வேயர்_மதுரை:

அப்படியானால் விஏ உங்களுக்கு ஒத்துவராது. அந்த எண்ணுள்ள வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு, இவற்றுக்குத்தான் எடுக்கலாம். ஆபீஸ் போகும் வழியில் விபத்து நடந்தால், அனுமதிக்காத உபயோகம் என்று கிளெய்மை மறுக்க நீங்களே வழிவிட்டதாகும். வின்டேஜாகப் பதிவான காருக்குத் தேர்டு பார்ட்டியில் 50 சதவீதத் தள்ளுபடி 2022 முதல் இருக்கிறது, உண்மைதான். உங்கள் வண்டிக்கு அது 1,047 ரூபாய். அதற்காக ஸ்ரீரங்கம் போவதை விட வேண்டுமா? வண்டியை ஷெட்டில் வைத்து வருடத்தில் ஓரிரு பேரணிக்கு மட்டும் எடுப்பவர்களுக்கு விஏ நல்ல ஏற்பாடு.

மாற்றங்கள் மூன்றையும் புரபோசல் படிவத்தில் (பாலிசிக்கான விண்ணப்பம்) எழுதிக் கொடுங்கள். எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஆர்சி காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வண்டிகளில் கிளெய்ம் இடறுவது பல நேரம் அங்கேதான்.

வின்டேஜ்_ரைடர்:

விளக்கத்துக்கு நன்றி சார். நான் பேரணிக்கு மட்டும்தான் எடுக்குறேன், அதனால எனக்கு விஏ சரியா இருக்கு. ஐடிவியை மட்டும் இந்த வருஷம் திருத்தப் போறேன்.

ஹெரால்டு_திருச்சி:

எல்லாருக்கும் நிலவரம் சொல்லிடுறேன். அண்ணன் சொன்ன மாதிரி வண்டியிலேயே கிளைக்குப் போனேன். முதல் கிளையில ஆன்லைன் தொகைக்கு மேல தர அதிகாரம் இல்லைன்னாங்க. இன்னொரு நிறுவனக் கிளையில கோப்பை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினாங்க. அவங்க பட்டியல்ல இருக்குற சர்வேயர் வந்து அடியில படுத்தெல்லாம் பார்த்து 5,20,000னு எழுதினார், பின்கதவு விஷயமும் அறிக்கையில இருக்கு. மண்டலத்துல 4,80,000க்கு ஒத்துக்கிட்டாங்க. தள்ளுபடி கேட்டேன், கொடுத்தாங்க. பிரீமியம் நான் பயந்த அளவு இல்ல.

பாலிசி கைக்கு வந்தாச்சு. கையெழுத்துப் போட்டு மூடி வைக்கிறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும் சார்?

சர்வேயர்_மதுரை:

நல்ல முடிவு, மகிழ்ச்சி. ஷெட்யூல் பக்கத்தில் ஐடிவி 4,80,000 என்று இருக்கிறதா, தயாரிப்பு ஆண்டு, சேஸி எண், இன்ஜின் எண் ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, பாருங்கள். பழைய ஆர்சிகளில் எழுத்து மங்கி 8ம் 3ம் மாறிப் பதிவாவது சகஜம். புரபோசல் படிவத்தின் நகலில் நீங்கள் சொன்ன மாற்றங்கள் இருக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையைக் கிளைக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, வந்து சேர்ந்ததாகப் பதில் வாங்கி வையுங்கள்.

ஹெரால்டு_திருச்சி:

பார்த்தேன் சார். ஐடிவி சரியா இருக்கு. சேஸி நம்பர்ல ஒரு எழுத்து மாறியிருந்துச்சு, ஆர்சி நகலோட போய்ச் சொன்னதும் திருத்தி எண்டார்ஸ்மென்ட் கொடுத்துட்டாங்க. அறிக்கையை மெயில்ல அனுப்பிப் பதிலும் வாங்கியாச்சு. அடுத்த புதுப்பிப்புல ஆன்லைன்ல கட்டுனா தொகை மறுபடி 45,000க்கு இறங்கிடும்னு கிளையிலேயே எச்சரிச்சாங்க. அதனால புதுப்பிக்கவும் நேர்லதான் போகணும். இதே மாதிரி வண்டி வச்சிருக்குறவங்க அதையும் குறிச்சு வச்சுக்கோங்க.