யெல்லோஸ்டோனில் குடும்பத்தோடு ஃப்ளை ஃபிஷிங்: வழிகாட்டியை ஏற்பாடு செய்வது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். டாலஸில் வசிக்கும் நாங்கள் ஜூலை மூன்றாம் வாரத்தில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வாசலில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் ஐந்து நாள் தங்கி, பூச்சி போலக் கட்டிய செயற்கை இரையால் மீன்பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கைச் செய்து பார்க்கப் போகிறோம். நானும் கணவரும், 13 வயது மகளும், 9 வயது மகனும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருமாக மொத்தம் ஐந்து பேர். மாமனார் சிறுவயதில் தாமிரபரணியில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டவர். மற்றவர்களுக்கு அந்த அனுபவமும் கிடையாது. விசாரித்த இடத்தில் முழுநாள் படகுப் பயணத்தைப் பரிந்துரைக்கிறார்கள். அது எங்களுக்குப் பொருந்துமா? அனுமதிச் சீட்டு யாருக்கெல்லாம் வேண்டும்? பிடித்த மீனைச் சமைக்கலாமா?

மறுமொழி 1:
சகோதரி, முழுநாள் படகு வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே ஓட்டும், ஆற்றோட்டத்தோடு மிதந்து செல்லும் டிரிஃப்ட் படகில் வழிகாட்டியைத் தவிர இரண்டு பேர்தான் மீன்பிடிக்க முடியும். கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் படகுக்கு இவ்வளவு என்றே இருக்கும் என்பதால், ஐந்து பேருக்கு மூன்று படகுகள் எடுத்து, குடும்பமும் மூன்றாகப் பிரிந்து போக வேண்டியிருக்கும். அதைவிட, கரையோரமாக நடந்தும் ஆழமில்லாத இடத்தில் இறங்கி நின்றும் பிடிக்கும் அரைநாள் பயணத்தைக் கேளுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூன்று மணி நேரமே அதிகம்.

காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். பூங்காவின் ஃபயர்ஹோல் ஆற்றில் வெந்நீர் ஊற்றுகளின் நீர் கலக்கிறது. அந்த ஆறும் கிப்பன் ஆறும் சேர்ந்துதான் மேடிசன் ஆகிறது. கோடையில் இவற்றின் நீர் சூடேறினால், குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீன்கள் மூச்சுக்குத் திணறும் என்பதால், சில ஆண்டுகளில் ஜூலையில் பிற்பகல் 2 மணிக்கு மேல் மீன்பிடிக்கத் தடை விதித்துவிடுகிறார்கள். அப்படித் தடை வந்தால் வேறு ஆற்றுக்கு அழைத்துப் போவார்களா, முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எங்களுக்கு ஒருமுறை அப்படி நேர்ந்து, கேட்டு வைக்காததால் பணமும் போயிற்று, நாளும் போயிற்று.

மறுமொழி 2:
அனுமதிச் சீட்டில் பலரும் குழம்புகிறார்கள். பூங்காவின் ஆறுகளில் அநேகமாக எங்குமே படகு விட அனுமதி கிடையாது. ஆகவே ஆற்றில் படகுப் பயணம் என்றால் அது பூங்காவுக்கு வெளியே நடப்பது, அது மொன்டானாவில் என்றால் அந்த மாநில உரிமம் வேண்டும். பூங்காவுக்குள் அந்த உரிமம் செல்லாது. அங்கே 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் பூங்காவின் மீன்பிடி பெர்மிட்டை வாங்க வேண்டும். நான் வாங்கியபோது மூன்று நாளுக்கு 40 டாலர். உங்கள் பிள்ளைகள் பெர்மிட் உள்ள பெரியவரின் மேற்பார்வையில் இலவசமாகப் பிடிக்கலாம்.

மாமனாரின் மண்புழுவுக்குப் பூங்காவில் இடமில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் பூங்காவிலுள்ள கார்ட்னர் ஆற்றிலும் அதைச் சேர்ந்த சில ஓடைகளிலும் 11 வயது வரையுள்ள குழந்தைகள் மட்டும் புழு கோக்கலாம். தாத்தா சொல்லித்தர, பேரன் தூண்டில் போட, அதற்கென்று ஒரு மாலையை ஒதுக்குங்கள். அதற்கு வழிகாட்டியும் தேவையில்லை.

சமையலைப் பொறுத்தவரை, தாடைக்கு அடியில் செந்நிறக் கீற்று உள்ள கட்த்ரோட் போன்ற, அந்த மண்ணுக்கே உரிய மீன்களைக் கட்டாயம் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். யெல்லோஸ்டோன் ஏரியில் 1994இல் கண்டறியப்பட்ட லேக் டிரவுட் அந்தக் கட்த்ரோட்டைத் தின்று அழிப்பதால், அங்கே அது சிக்கினால் கொன்றே ஆக வேண்டும் என்பது விதி. மற்ற இனங்களுக்கு விதி ஆற்றுக்கு ஆறு மாறும்.

மறுமொழி 3:
முன்பதிவின்போது எல்லோருடைய உயரத்தையும் காலணி அளவையும் சொல்லிவிடுங்கள். சிறுவர் அளவில், நீரில் இறங்கி நிற்க அணியும் நீர்க்காலுடை எல்லாரிடமும் இருக்காது. அடியில் கம்பளி ஒட்டிய காலணிகளுக்குப் பூங்காவில் தடை உண்டு. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் பிள்ளைகள் தூண்டில் கோலைத் தொடவே கூடாது, ஏனென்றால் பின்னால் வீசும் கயிற்றின் நுனியில் தூண்டில் முள் இருக்கிறது. கட்டணத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை வழிகாட்டிக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது வழக்கம் என்பதால் அதையும் கணக்கில் சேருங்கள்.

மீனை விடுவிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்கே கொடுக்கச் சொல்லுங்கள். என் மகள் முதலில் கையை நன்றாக நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே மீனை ஓட்டத்துக்கு எதிராகத் தாங்கிப் பிடித்திருந்தாள். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது, பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் விரல்களுக்கு இடையிலிருந்து போய்விட்டது. அவள் வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காலை அரைநாள் நடைப் பயணத்துக்கு இரண்டு வழிகாட்டிகளைக் கேட்டு எழுதிவிட்டேன். தடை வந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறேன். கார்ட்னர் ஆற்றைப் பற்றிச் சொன்னதும், புழுவை எங்கே வாங்கலாம் என்று மாமனார் கேட்கத் தொடங்கிவிட்டார்.