அரசு கட்டட வேலையில மனசை விட்டுப் போகாத அனுபவம் இருந்தா எழுதுங்க (நம்ம செட்டிநாடு பக்கம்)

காரைக்குடி சைட்

என்னோடதை முதல்ல சொல்லிடுறேன், ரொம்ப நாளா உள்ளயே கெடக்கு. காரைக்குடி பக்கத்துல ஒரு கிராமம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடுதல் கட்டடம், நான் காண்ட்ராக்டர்கிட்ட சூப்பர்வைசர். எஸ்டிமேட்ல செம்மண்ணுன்னு எழுதி அஸ்திவாரம் 1.2 மீட்டர் ஆழம் போட்டிருந்தாக. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட ஆரம்பிச்சோம், மேல 3 அடி நல்ல செம்மண்ணுதான், அதுக்குக் கீழ கடப்பாரையப் போட்ட ஆளு கைய எடுத்துட்டாரு, அது தானா உள்ள எறங்குது. அள்ளிப் பார்த்தா ஓட்டுத் துண்டு, சாம்பல், பாலிதீன் பை, கருப்பா சேறு. வேலிப் பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த அப்பத்தா எட்டிப் பார்த்துட்டு "ஏப்பா, இது ஊரணியில்ல, தூர்த்து வெகு காலமாச்சே, ஒங்ககிட்ட யாரும் சொல்லலையா"ன்னாக.

ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) வந்து குழி ஓரத்துல நின்னு பார்த்தாரு. "எஸ்டிமேட்ல இல்லாத ஆழத்த எம்புக்ல, அதான் பில்லுக்கான அளவுப் புத்தகத்துல, நான் எப்படிங்க ஏத்துறது?" அவரு சொன்னதும் பொய்யில்ல. மண்ணப் போட்டு திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கி 1.2லயே நிப்பாட்டிடலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, நான் ஒத்துக்கல, போட்டோ எடுத்து கடிதம் எழுத வச்சேன். ரிவைஸ்டு எஸ்டிமேட் மேல போயி வர்றதுக்குள்ள ஐப்பசி மழை பிடிச்சு வானம் ரெண்டு பக்கமும் சரிஞ்சுச்சு, நல்ல வேளை உள்ள ஆளில்ல. அப்புறம் செம்பாறை தட்டுற வரைக்கும் தோண்டி ஃபுட்டிங் போட்டோம், கட்டடம் நல்லாத்தான் நிக்குது. எஸ்டிமேட் போட வந்தவங்க அந்த வேலி வரைக்கும் நடந்து போயிருந்தாலே போதுமே, அதுதான் இன்னும் ஆறல.

ரஸ்தாக்காரன்

எங்க சித்தப்பா சென்ட்ரிங் வேலை, கூட நானும் போவேன். ஒரு அரசுப் பள்ளி, ரெண்டு வகுப்பறை, நடு பீம் 6 மீட்டருக்கு மேல. திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு, பெயிண்ட் அடிக்கணும், பீமத் தாங்குற முட்டுகளப் பிரிங்கன்னு ஒரே நச்சரிப்பு, காங்கிரீட் போட்டு ரெண்டு வாரம்கூட ஆகல. அந்த பீமுக்கு 21 நாள் முட்டு நிக்கணும். வேற வழியில்லாம முட்டா நின்ன முதல் ஜாக்கியத் திருகித் தளர்த்துனதும் பக்கத்து ஜாக்கி கிர்ருன்னு முனகுச்சு, பாரம் அதுமேல ஏறுது, பீம் இன்னும் தானா தாங்கலன்னு அர்த்தம். சித்தப்பா "எல்லாரும் வெளிய போங்க"ன்னு போட்ட சத்தமும், சித்தாள் பொம்பளைங்க சட்டியப் போட்டுட்டு ஓடுனதும் இன்னும் கண்ணுலயே நிக்குது. ஜாக்கிய மறுபடி ஏத்திட்டு, 21 நாள் முடியாம தொட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டாக. விழாவத் தள்ளி வச்சாக. சாமான் வாடகை ஏறுனதுக்கு யாரும் பத்துப் பைசா கொடுக்கல. அவசரமா முட்டு பிரிக்கிறதுக்குப் பாதி காரணம் இந்த வாடகைதான், யாரும் பேச மாட்டேங்குறாக.

ஓய்வு பொறியாளர்

என் அனுபவம் சின்னது. ஒரு சைட்டுல தளத்துக்கு ஓடுற கலவை ஒண்ணு, பலம் சோதிக்கிற கியூப் (காங்கிரீட் கட்டி) அச்சுல அடைக்க, சோதனையில பாஸாகணும்னு தனியா சிமெண்ட் கூட்டிக் கலந்த பாண்டு சட்டி ஒண்ணு ஓரமா இருந்துச்சு. அச்சக் கவுத்திட்டு, மிக்சர் வாயிலேருந்து நானே எடுத்து ரொப்புனேன்.

ரஸ்தா தம்பி சொன்ன 21 நாள் சரி, ஆனா முழுசாச் சொல்லணும். ஐஎஸ் 456 (காங்கிரீட் வேலைக்கான இந்திய தர விதி) படி முட்டு நிக்க வேண்டியது தளத்துக்கு 4.5 மீட்டர் வரை 7 நாள், அதுக்கு மேல 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேல போனா 21. இதெல்லாம் ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்ட்டுக்கு. இப்ப சைட்டுக்கு வர்றது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்), அது இறுக இன்னும் நேரம் எடுக்கும். போட்ட காங்கிரீட்டுக்குத் தண்ணி காட்டுறதும் அப்படித்தான், ஓபிசிக்கே 7 நாளுக்குக் குறையக் கூடாது, பிபிசிக்கு 10, நம்ம ஊரு வெயிலுக்கு 14 நாள் விடுங்க. 30 கன மீட்டர் காங்கிரீட் போட்டா 3 சாம்பிள் எடுக்கணும், சாம்பிளுக்கு 3 கியூப், அதுல எங்க ஊத்துன காங்கிரீட்னு தேதியோட எழுதி வைங்க.

காரைக்குடி தம்பி, ஒங்க விஷயத்துல தப்பு வானம் தோண்டுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. விஏஓகிட்ட அ பதிவேடு (ஊர் நிலக் கணக்கு) பார்த்தா புல எண்ணுக்கு நேரா ஊரணின்னு இருக்கும். நீர்நிலைப் புறம்போக்குன்னா அங்க கட்டவே கூடாது, கேஸ் வந்தா பாதியில நிக்கும். நாலு மூலையிலயும் சோதனைக் குழி வெட்டாம டிசைனே தொடக் கூடாது. 1.5 மீட்டருக்கு மேல தோண்டுனா பக்கவாட்டுல பலகை கட்டணும், இல்ல சரிவா வெட்டணும், ஒங்க வானம் சரிஞ்சதுக்கு மழைய மட்டும் குத்தம் சொல்லாதீக. மழைக்கு முன்னாடி பேஸ்மட்டம் ஏறலன்னா தையில ஆரம்பிங்க.

பள்ளத்தூர் டீச்சர்

கட்டுறதப் பத்தியே பேசுறீங்க, இடிக்கிறதச் சொல்றேன். 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 பசங்க போனதுக்கப்புறம் விழுற நிலையில இருந்த பழைய பள்ளிக் கட்டடத்த எல்லாம் இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சுல்ல, எங்க பள்ளியில ஓட்டு வகுப்பறை. புதன்கிழமை காலையில ஜேசிபி வந்து நிக்குது, அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக வாய்ப்பாடு சொல்லுதுக, தடுப்பு கிடையாது, ஒரு கயிறுகூட இல்ல. நான் வண்டிக்கு முன்னாடி போய் நின்னுட்டேன். "டீச்சர், எனக்கு இன்னைக்கு மட்டும்தான் வண்டி"ங்கிறாரு. சனிக்கிழமை வாங்கன்னு தலைமையாசிரியை எழுதிக் கொடுத்தாங்க, அப்புறம்தான் திரும்பிப் போச்சு. அந்தச் சனிக்கிழமை சுவர் விழுந்தது வெளிப்பக்கம் இல்ல, வகுப்புப் பக்கம்.

புதுவயல் ஒப்பந்தம்

ஓய்வு ஐயா, நீங்க சொன்னது எல்லாம் சரி, காசு யாரு கொடுக்குறதுன்னு மட்டும் சொல்லல. சோதனைக் குழி வெட்ட வேண்டியது எஸ்டிமேட்டுக்கு முன்னாடி, அப்ப காண்ட்ராக்டர் யாருன்னே தெரியாது. குறைஞ்ச ரேட்டுக்காரனுக்குத்தான் டெண்டர், அவன் மண்ணப் பார்க்காம ஏலத்துல கேக்குற மாதிரி கேட்டுட்டு வந்து நிக்கிறான், அப்புறம் கம்பியிலயும் சிமெண்ட்லயும்தான் கை வைப்பான். எனக்கும் இதே மாதிரி கண்மாய்க் கரை ஓரம் ஒரு அங்கன்வாடி, களிமண்ணு, வெயில்ல விரல் போற அளவுக்கு வெடிச்சுக் கெடக்கு, எஸ்டிமேட்ல செம்மண்ணு! கூடுதல் ஆழத்துக்குக் கடிதம் கொடுத்தேன், உத்தரவு வர்ற வரைக்கும் ஆளுகளச் சும்மா வச்சு சம்பளம் கொடுத்தேன்.

காரைக்குடி சைட்

ஓய்வு ஐயா, பதிவேடு நாங்களும் பார்த்தோம், நத்தம் (குடியிருப்பு நிலம்)னுதான் இருந்துச்சு. ஒரு குடும்பம் தண்ணிக்காகச் சொந்த இடத்துல வெட்டி வச்ச ஊரணி அது, சர்க்கார் கணக்குல ஏறவே இல்ல. நம்ம பக்கம் இப்படி நிறைய இருக்கு, பதிவேட்ட மட்டும் நம்ப முடியாது. பலகை கட்டுறது எஸ்டிமேட்ல ஐட்டமாவே இல்ல, அதையும் சொல்லிடுறேன்.

புதுவயல் அண்ணே, அந்தக் கூடுதல் ஆழத்துக்குக் காசு வந்துச்சா?

புதுவயல் ஒப்பந்தம்

பாதி வந்துச்சு தம்பி. மீதிய ஃபைனல் பில்லுல பாத்துக்கலாம்னாக, அந்த பில்லு இன்னும் பாஸாகல.